ரெகுலேட்டர் மேல் ஒரு குளவிக்கூடு

1

சிதம்பரத்தில் என் மச்சான் குணாவின் படுக்கையறையில், அக்னி நட்சத்திர வெயிலில், மின்விசிறி இரண்டாம் எண்ணிலேயே சுற்றிக்கொண்டிருந்தது. அதை யாரும் ஐந்துக்குத் திருப்பிவிடக் கூடாதே என்று ஜெர்மனியில் என் வீட்டில் வாதம் நடந்தது. பின்லாந்தில் முன்பின் தெரியாத ஒரு மனிதர் தூக்கம் கெட்டார். கோயம்புத்தூரில் ஓர் ஆராய்ச்சி மாணவி, தெரிந்த பதிலைச் சொல்லாமல் எப்படி இருப்பது என்று தவித்தாள்.

நான் இந்த ஊருக்கு வந்து இந்த மாதத்தோடு பத்து வருஷம். இங்கே ஒரு விசேஷமென்றால், விசேஷக்காரன்தான் கேக் வாங்கிக்கொண்டு வேலைக்குப் போக வேண்டும். நான் வேலை பார்க்கும் பால் தொழிற்சாலையில் எல்லோருக்கும் கேக் கொடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்து, பத்து வருஷத்தைப் பற்றி நாலு வரி உருக்கமாக எழுதலாம் என்று உட்கார்ந்தேன். உருக்கம் வரவில்லை. எழுத எழுதக் குளவிதான் வருகிறது. கடலூரிலும் சிதம்பரத்திலும் இருந்து இதைப் படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நான் இவ்வளவு சந்தோஷமாக இருந்து ரொம்ப நாளாகிறது.

2

எனக்கு இந்தப் பூச்சிப் பைத்தியம் பிடித்ததே ஒரு ஜன்னலால்தான். இங்கே ஜன்னலுக்கு மேல் ஒரு பெட்டி இருக்கும். வெயில் மறைப்பை அதற்குள் சுருட்டி வைப்பார்கள். சில வருஷங்களுக்கு முன்பு ஒரு கோடையில், எங்கள் ஜன்னல் பெட்டிக்குள் கட்டைவிரல் பருமனில் குளவிகள் குடியேறின. நான் கடலூர் செம்மண்டலத்துக்காரன். ஒரு கையில் செருப்பு, இன்னொரு கையில் மருந்து டப்பா என்று கிளம்பிவிட்டேன். எதிர் வீட்டு பிரிகிட்டே அம்மாள் மாடிப்படியில் வழி மறித்து, "அதைக் கொன்றால் அபராதம் கட்டுவீர்கள்" என்றார். இந்தப் பெருங்குளவிக்கு இங்கே சட்டப் பாதுகாப்பு இருக்கிறதாம். என் விசாவுக்குக்கூட அந்த அளவு பாதுகாப்பு அப்போது கிடையாது.

அதற்கென்று இருக்கும் அலுவலகத்துக்கு போன் போட்டேன். "ஜன்னல் பெட்டிக்குள் குளவிகள் இருக்கின்றன, வீட்டுக்குள் மனைவி இருக்கிறாள், பயப்படுகிறாள்" என்று சொல்வதுதான் திட்டம். பதற்றத்தில் ஜெர்மன் மொழி கவிழ்ந்து, மனைவி ஜன்னல் பெட்டிக்குள்ளும் குளவிகள் வீட்டுக்குள்ளும் போய்விட்டன. எதிர்முனையில் இருந்த பெண்மணி சிரிக்கவே இல்லை. "தொந்தரவு செய்யாதீர்கள். குளிர் வந்தால் தானாகப் போய்விடும்" என்றார். என் மனைவி சுகந்தியிடம் இதைச் சொன்னதற்கு எனக்கு இரண்டு நாள் காபி கிடையாது.

பிறகு ஓர் ஆலோசகர் நேரில் வந்தார். கூட்டைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். இரு தரப்பும் சேர்ந்து வாழலாம் என்று முடிவு சொல்லிவிட்டு, போகும்போது ஓர் இணையதளத்தின் பெயரையும் சொல்லிவிட்டுப் போனார். "படம் எடுத்து அதில் போடுங்கள், பயம் போய்விடும்."

போட்டேன். காபி ஆறுவதற்குள் யாரோ ஒருவர் அந்தக் குளவியின் முழுப்பெயரை எழுதிவிட்டார். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இந்த நாட்டில் ஒரு முகவரி மாற்றத்துக்கே பல வாரம் காத்திருந்தவன் நான்.

தளத்தின் வேலை எளிதுதான். பூச்சியோ பறவையோ செடியோ, பார்த்ததைப் படமெடுத்து, எங்கே எப்போது என்று குறித்துப் போட வேண்டும். பெயர் தெரியவில்லையே என்று கூச்சப்பட வேண்டாம். அந்த ஒரு பூச்சிக்காகவே பிறந்த மாதிரி ஒருவர் உலகத்தில் எங்கேயாவது இருப்பார். அவர் வந்து சொல்வார். இன்னொருவரும் வந்து ஆமாம் என்று ஒப்புக்கொண்டால், பதிவுக்கு ஆராய்ச்சித் தரம் கிடைத்துவிடும். பிறகு அதை விஞ்ஞானிகள் தங்கள் வேலைக்கு எடுத்துக்கொள்ளலாம். பத்தாம் வகுப்பு அறிவியலில் தட்டுத்தடுமாறித் தேறிய நான் எடுத்த ஈயை, முனைவர் பட்டம் வாங்கியவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். தலைகால் புரியாமல் போகுமா, போகாதா?

3

ஒரு பைத்தியம் போதாதென்று குணாவையும் இழுத்துவிட்டேன். அவன் சுகந்திக்கு ஒரு வயது மூத்த அண்ணன். சிதம்பரத்தில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறான். கண் பரிசோதனைக்கான லென்ஸ் பெட்டியிலிருந்து தடிமனான லென்ஸ் ஒன்றை எடுத்து போன் கேமராவுக்கு முன்னால் பிடித்துப் படமெடுப்பான். எறும்பின் மீசை வரை தெரியும். அதற்குள் வாடிக்கையாளர் யாராவது வந்தால், பவர் பார்க்க லென்ஸ் இருக்காது.

ஞாயிற்றுக்கிழமை மினிபஸ் ஏறிக் குமராட்சிக்குப் போவான். அங்கே அவன் மனைவி அமுதாவின் அம்மா வீடு. மாமியார் வீட்டுக்குள் நுழையாமல் நேரே வயல் வரப்புக்குப் போய், வெள்ளையாகத் தெரிந்ததை எல்லாம் படமெடுத்து "கொக்கு" என்று போடுவான். ஆட்கள் வந்து இது சின்னக் கொக்கு, இது நடுத்தரக் கொக்கு, இது உண்ணிக்கொக்கு என்று திருத்துவார்கள். எனக்குத்தான் போன் வரும்.

"என்னா மச்சான், கொக்குக்குள்ள இத்தினி கொக்கா? நான் இன்னா ரேஷன் கார்டா குடுக்கப் போறேன் அதுங்களுக்கு?"

"நீ போட்டி போடணும்னா பேரு தெரியணும்டா."

போட்டி என்றால், கடலூருக்கும் சிதம்பரத்துக்கும். யார் ஊரில் அதிக உயிரினம் என்று எங்களுக்குள் ஒரு கணக்கு. விடுமுறையில் ஊருக்குப் போனபோது மஞ்சக்குப்பம் மைதானத்தில் நான் எடுத்த தட்டான்களின் பலத்தில் கடலூர் கொஞ்ச நாள் முன்னால் நின்றது. நான் கலெக்டர் ஆபீஸ் சுவரோரம் குப்புறப் படுத்துத் தட்டானைப் படமெடுத்ததைப் பார்த்த ஒரு சித்தப்பா, எனக்கு வெளிநாட்டில் வேலை போய்விட்டது என்று வீடு வீடாகச் சொல்லிவிட்டார். பிறகு குணா பிச்சாவரம் போய்ச் சேற்று நண்டுகளை அள்ளிப் போட்டான். கடலூர் தோற்றது. இன்னும் தோற்றுக்கொண்டுதான் இருக்கிறது.

எங்கள் மகள் ஓவியாவுக்குப் பதினைந்து வயது. அவள் எங்கள் இரண்டு பேரையும் எப்போதோ தாண்டிப் போய்விட்டாள். தளத்தில் வண்டுகளுக்கு அவளைத்தான் கேட்கிறார்கள். ஆனால் வீட்டில் அவளிடம் தமிழில் கேட்டால் ஜெர்மனில் பதில் வரும். ஊரிலிருந்து வீடியோ அழைப்பு வந்தால் திரைக்குள் முகத்தைக் காட்டி, "ஹாய் மாமா, ஹாய் அத்தை" என்று கதவைச் சாத்திக்கொள்வாள். மாமா போடும் நண்டுக்கு மட்டும் நள்ளிரவானாலும் பெயர் சொல்வாள். மாமா என்பவர் அவளுக்குச் சொந்தக்காரர் இல்லை, சகபதிவாளர். சுகந்திக்கு இதில் வருத்தம் உண்டு. எனக்கும் உண்டு. வெளியே சிரித்துக்கொள்வேன்.

4

ஏப்ரலில் குணா ஒரு படம் போட்டான். படுக்கையறை சுவிட்ச் போர்டு. விசிறி ரெகுலேட்டரின் குமிழும் பக்கத்துச் சுவரும் சேருகிற இடத்தில், உள்ளங்கை அகலத்துக்கு மண்ணால் பூசிய குளவிக்கூடு. குமிழ் இரண்டில் நின்றபடி மண்ணுக்குள் பாதி புதைந்திருந்தது.

பின்லாந்துக்காரர் உடனே வந்தார். மண்குளவிகளில் அவர் புலி. எங்களுக்கு அவரைப் பல வருஷமாகத் தெரியும், ஆனால் லத்தீன் பெயரைத் தவிர வேறு எதுவும் அவர் எழுதியதில்லை. முதல் முறையாக ஒரு முழு வாக்கியம் எழுதினார்: கூட்டை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது, அதில் ஓர் அறையை உடைத்து உள்ளே இரையாகச் சிலந்தி இருக்கிறதா, புழு இருக்கிறதா என்று படமெடுங்கள். ஓவியா அதற்குக் கீழே, ஒரு கத்தியின் முனை போதும், எப்படி நெம்புவது என்று விளக்கம் எழுதினாள்.

குணா எழுதிய பதில்: "கலைக்க முடியாது. காரணம் பிறகு."

நான் இதைச் சாப்பாட்டு மேஜையில் சிரித்துக்கொண்டே வாசித்தேன். சுகந்தி தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டாள்.

"படுக்கற ரூம்ல கூடு. கலைக்க மாட்டேங்குறான். இன்னுமா புரியல ஒங்களுக்கு? அண்ணி உண்டாயிருக்காங்க!"

வீட்டில் குளவி கூடு கட்டினால் அங்கே ஒரு குழந்தை வரப் போகிறது என்பது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். கூடு கட்டியதும் ஊர் அந்த வீட்டுப் பெண்களின் வயிற்றைப் பார்க்கும். செம்மண்டலத்தில் எங்கள் வீட்டு ட்யூப்லைட் பட்டியில் ஒரு முறை கட்டியது. அப்போது வீட்டில் இருந்த பெண்கள் இரண்டே பேர்: ஐம்பதைத் தாண்டிய என் அம்மா, காலேஜில் படித்துக்கொண்டிருந்த என் அக்கா. தெருப் பெண்கள் சர்க்கரை கேட்கிற சாக்கில் வந்து வந்து பார்த்தார்கள். அம்மா அசரவில்லை. "அது பொதுச் செவுரு. கணக்குப்படி கூடு பக்கத்து வூட்டுக்குத்தான் சேரும்" என்று அடித்துச் சொல்லிவிட்டாள். பக்கத்து வீட்டு மருமகளும் நல்ல பெண். அதே வருஷம் பிள்ளை பெற்று எங்கள் குடும்ப மானத்தைக் காப்பாற்றினாள்.

உடனே குணாவுக்குப் போன் போட்டேன்.

"என்னா மச்சான், வீட்ல ஏதாச்சும் விசேஷமா?"

"யாரு சொன்னா?"

"குளவி சொல்லுச்சி."

"மூணு மாசம் முடியட்டும்னு வாயத் தொறக்காம இருந்தோம் மச்சான். இதுக்கு முன்ன ரெண்டு தடவ தங்கலல்ல? குமராட்சில அமுதா அம்மாவுக்கே இன்னும் சொல்லல."

"அப்பறம் எதுக்குடா ஒலகம் பூரா பாக்குற எடத்துல கூட்டப் போட்ட?"

"அது பூச்சி சைட்டு மச்சான். அங்க நம்ம சொந்தக்காரங்க யாரு இருக்கா?"

சுகந்தி போனைப் பிடுங்கி அழுதுகொண்டே சிரித்தாள். கல்யாணமாகி ஒன்பது வருஷம் காத்திருந்தவர்கள் அவர்கள். கூட்டில் எனக்கு நம்பிக்கையெல்லாம் இல்லை என்று குணா திரும்பத் திரும்பச் சொன்னான். "நம்பிக்கல்லாம் கெடையாது மச்சான். ஆனா ரெகுலேட்டர மட்டும் திருப்ப மாட்டேன். வேத்து ஊத்துனா ஊத்திட்டுப் போவட்டும்."

5

ஓவியாவுக்கு இதை விளக்கும் பொறுப்பு எனக்கு வந்தது.

"கூடு இல்லாத வீட்ல பாப்பா பொறக்காதாப்பா?" என்று கேட்டாள்.

"பொறக்கும்."

"கூடு கட்டுற எல்லா வீட்லயும் பொறக்குமா?"

"இல்ல."

"அப்புறம் என்ன?"

"அப்புறம் ஒண்ணும் இல்லம்மா. ஒடைக்க மாட்டாங்க, அவ்ளோதான். இதுக்கு முன்ன அத்தைக்கு ரெண்டு தடவை வயித்துல தங்கல."

அவளுக்கு அது தெரியாது. நாங்கள் சொன்னதே இல்லை. அறைக்குள் போய்விட்டாள். காலையில் பார்த்தால் பதிவின் கீழே ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள்: கூட்டை உடைக்கச் சொன்னதை வாபஸ் வாங்குகிறேன். அந்த வீட்டில் என் அத்தை குழந்தையை எதிர்பார்த்திருக்கிறார். எங்கள் ஊரில் இப்படி ஒரு நேரத்தில் இதைத் தொட மாட்டார்கள். குளவி தானாக வெளியே வரட்டும், காத்திருப்போம்.

மாமியாரிடம்கூடச் சொல்லாத ரகசியம் இப்படியாக ஐந்து கண்டங்களுக்கும் போனது. பின்லாந்துக்காரர், "சரி. காத்திருக்கிறேன்" என்று எழுதினார். மண்குளவிகளைப் பற்றி ஆராய்ச்சி செய்யும் கோயம்புத்தூர்ப் பெண், "எங்க வீட்டுலயும் தொட மாட்டாங்க. அம்மா கொன்னே போட்டுருவாங்க" என்று தமிழிலேயே எழுதினாள்.

அன்றிலிருந்து தினமும் பள்ளிக்கூடம் முடிந்ததும் ஓவியா தானே சிதம்பரத்துக்கு அழைத்தாள். "மாமா, ஓட்டை விழுந்துச்சா?" என்பதுதான் முதல் கேள்வி. குணா விசிறிக்குக் கீழே வேர்த்து வழிந்தபடி சுவிட்ச் போர்டுக்குப் போனைக் கொண்டுபோவான். பின்னாலிருந்து அமுதாவின் குரல் கேட்கும்: "ஏம்மா, கூட்ட மட்டும்தான் கேப்பியா? நான் ஒருத்தி இங்க வாந்தி எடுத்துகினு கெடக்குறேன்." மறுநாளிலிருந்து ஓவியா ஒழுங்காக, "அத்தை, நீங்க இன்னைக்கு எத்தனை தடவை வாந்தி எடுத்தீங்க?" என்று விசாரித்துவிட்டுத்தான் ஓட்டைக்கு வருவாள். பதிலைத் தேதி போட்டுக் குறித்துக்கொண்டாளா என்று எனக்குச் சந்தேகம். அமுதாவுக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று.

6

மே மாதக் கடைசியில், ஒரு செவ்வாய்க்கிழமை, ஓட்டை விழுந்தது. வெளியே வந்தது கறுப்பு மஞ்சள் குளவி இல்லை. தலை முதல் வால் வரை பச்சையும் நீலமுமாக மின்னுகிற ஒன்று. குணா லென்ஸைப் பிடித்துப் பிரமாதமாகப் படமெடுத்திருந்தான். கீழே எழுதியிருந்தான்: "மரகதக்கல்லு மாதிரி இருக்கு. இதான் கட்டுன குளவியோட புள்ளையா?"

நான் கைதட்டி ஓவியாவைக் கூப்பிட்டேன். வந்து பார்த்தாள்.

"இல்லப்பா. இது வேற. இது திருட்டுக் குளவி. மத்த குளவியோட கூட்டுக்குள்ள முட்டை போடும்." பாதியில் தமிழ் தீர்ந்து ஜெர்மனுக்குப் போனாள். உள்ளே பிறக்கிற திருட்டுக் குளவியின் புழு, கூட்டுக்காரியின் புழுவைத் தின்றுதான் வளரும். பச்சைக் குளவி வெளியே வந்திருக்கிறது என்றால், கட்டியவளின் பிள்ளை அந்தக் கூட்டறையில் பிழைக்கவில்லை.

வியாழக்கிழமை அமுதாவுக்கு ஸ்கேன். முன்பு இரண்டு தடவையும் இந்த ஸ்கேனில்தான் டாக்டர் உதட்டைப் பிதுக்கினார்.

"மாமாகிட்ட இத யாரும் சொல்லக் கூடாதுப்பா" என்றாள். லாஜிக் கேட்ட அதே பெண்.

எனக்கு ஒரே ஒரு கவலை. இந்தத் தளத்தில் இருப்பவர்களால் எதையும் தாங்கிக்கொள்ள முடியும், ஆனால் பெயர் தெரிந்த ஒரு பூச்சிக்குக் கீழே பெயர் எழுதாமல் இருக்க முடியாது. அதுவும் இப்படி ஒரு பூச்சி, இப்படி ஒரு படம். ஓவியா உட்கார்ந்து ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் செய்தி அனுப்பினாள். வியாழன் மதியம் வரை தயவுசெய்து பெயர் சொல்லாதீர்கள், காரணம் இது.

சொல்லவில்லை! என்னால் இன்னும் நம்ப முடியவில்லை. கோயம்புத்தூர்ப் பெண், "இரண்டு நாளுக்கு இந்தப் பக்கமே வர மாட்டேன், வந்தால் விரல் நிற்காது" என்று ஓவியாவுக்குப் பதில் போட்டுவிட்டு ஓடிவிட்டாள். பின்லாந்துக்காரர் பதிவின் கீழே ஒரே சொல் எழுதினார்: "அழகு." லத்தீன் இல்லாமல் அந்த மனிதர் ஒரு பூச்சியைக் கடந்து போனது அதுதான் முதல் தடவையாக இருக்கும். ராத்திரியெல்லாம் யாராவது புதிதாக வந்து உளறிவிடுவார்களோ என்று தானும் காவல் இருந்ததாகப் பிறகு சொன்னார். உண்மையாகவே ஸ்பெயினிலிருந்து ஒருவர் வந்து முழு லத்தீன் பெயரையும் கொட்டினார். ஓவியா பள்ளிக்கூடத்தில் வேதியியல் வகுப்பில் இருந்துகொண்டே அவரைப் பிடித்துக் கெஞ்சினாள். சில நிமிஷத்தில் அழித்துவிட்டு, நூறு மன்னிப்பு கேட்டார். போனைப் பார்த்ததற்கு ஓவியாவுக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. இங்கே எல்லாவற்றுக்கும் கடிதம் உண்டு. அப்பன் என்ற முறையில் நான் பெருமையாகக் கையெழுத்துப் போட்டேன்.

7

வியாழக்கிழமை காலை தொழிற்சாலையில் எனக்குக் கை ஓடவில்லை. ஊரில் மதியமாகிவிட்டது. போன் வரவில்லை. ஓய்வு நேரத்தில் அழைத்தேன், எடுக்கவில்லை. இன்னொரு முறை அழைத்தேன். எடுத்தான். அழுகிற சத்தம் கேட்டது.

"குணா... என்னடா?"

"துடிப்பு கேட்டுச்சி மச்சான்! குதிரை ஓடுற மாரி ஓடுது. டாக்டரம்மா ஸ்பீக்கர்ல வெச்சி காட்டுனாங்க. எல்லாம் நல்லாருக்குன்னுட்டாங்க."

பால் தொழிற்சாலை ஓய்வறையில், தலையில் வலைக் குல்லாவோடு, நான் தமிழில் கத்தினேன். என்ன ஆயிற்று என்று ஓடிவந்த மேற்பார்வையாளரைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். இந்த ஊரில் யாரையும் அப்படிப் பிடிக்கும் வழக்கம் கிடையாது. அவரும் என் முதுகில் தட்டிக் கொடுத்தார்.

"மச்சான், அந்தப் பச்சைக் குளவி..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியும் மச்சான். அன்னிக்கே தேடிப் பாத்துட்டேன். நெட்டு எங்க ஊர்லயும் இருக்குது. அமுதாவுக்குத் தெரியக் கூடாதுன்னு ரெண்டு நாளா மூஞ்சிய மறச்சிகினு திரிஞ்சேன்."

பின்னாலிருந்து அமுதா போனைப் பிடுங்குவது கேட்டது. "நானுந்தாண்ணே! செவ்வாக்கெழமையே பாத்துட்டேன். இவரு பயந்துடுவாருன்னு வாயத் தொறக்கல. அந்தப் பச்சைப் பூச்சி என்னா பண்ணும் பாவம், அதோட அம்மாவும் புள்ளத்தாச்சியா இருந்துதான வந்து முட்ட போட்டுச்சி?"

கண்டம் விட்டுக் கண்டம் எல்லோரும் எல்லோருக்காகவும் பொத்திப் பொத்தி வைத்திருந்திருக்கிறோம்.

மாலையில் வீட்டில் மூன்று பேரும் ஒரே நாற்காலியில் நெருக்கிக்கொண்டு தளத்தைத் திறந்தோம். குணாவின் பெயரில் புதிய பதிவு. இடம்: சிதம்பரம். கறுப்பு வெள்ளை ஸ்கேன் படம். நடுவில் அவரை விதை போல வளைந்து படுத்திருந்தது ஒன்று. குறிப்பில் எழுதியிருந்தான்: "என்னான்னு தெரியல. தெரிஞ்சவங்க சொல்லுங்க."

பின்லாந்துக்காரர்தான் முதலில்: ஹோமோ சேப்பியன்ஸ். கோயம்புத்தூர்ப் பெண், ஆமாம். ஸ்பெயின்காரர், ஆமாம், ஆமாம். அதற்குக் கீழே நாங்கள் கேள்விப்படாத ஊர்களிலிருந்தெல்லாம் ஆமாம்கள் வரிசை கட்டி நின்றன. ஓவியா முறைப்படி தானும் ஒப்புக்கொண்டுவிட்டு, தமிழ் விசைப்பலகையைத் தேடிப் பிடித்து, ஒவ்வோர் எழுத்தாக அடித்தாள்: "எங்க மாமா புள்ள."

எத்தனை பேர் ஒப்புக்கொண்டாலும் மனிதர்களைத் தளம் கணக்கில் சேர்க்காது; அது விதி. கடைசியில் தானாக ஓர் அறிவிப்பு வந்து நின்றது: இந்தப் பதிவு ஆராய்ச்சிக்குப் பயன்படாது.

அதற்குக் கீழே குணா பதில் எழுதியிருந்தான்.

"ஆராய்ச்சிக்கு வேணாங்க. எங்களுக்கு வேணும்."